நாலடி எட்டங்குலம்

ஜொகூர் பாரு
2-3-1933

ரெங்கம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் அவர்களுக்கு, அவருக்குச் சமைத்துப் போடும் குசினிக்காரி கமலாம்பிகை எழுதிக்கொள்வது:

சுகமாக வந்து சேர்ந்தேன். என் ஐயாவும் அம்மாவும் நலம். நீங்கள் சுகமா என்று கேட்கமாட்டேன். அவ்வளவு கோபம் உள்ள உடம்புக்கு ஒன்றும் வராது.

சமாதானம் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தண்ணீர்க் குழாய்க்காக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சரவணமுத்து அண்ணரும் அவர் மனைவி செல்லப்பாக்கியம் அக்காவும் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்று நீங்கள் மார்தட்டிச் சொன்னீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் லயத்துக்கும் நடுவில் ரப்பர் நாற்றுப் போட்ட இரண்டு சதுரத் துண்டுகள். ஒன்றின் பக்கம் இரண்டு சங்கிலி நீளம், மற்றதன் பக்கம் மூன்று சங்கிலி. மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. குழாய் இரண்டையும் மூலைக்கு மூலை குறுக்கே கடக்க வேண்டும். நாற்றுப் பிடுங்கி முடியும்வரை யாரும் உள்ளே இறங்கி அளக்கக்கூடாது என்பது துரையின் உத்தரவு. அதனால் தோட்டப் படத்தை வைத்தே கணக்குப் போட்டீர்கள். சின்னச் சதுரத்தின் குறுக்கு √8 சங்கிலி, பெரியதன் குறுக்கு √18 சங்கிலி. அதுவரை தங்கமான கணக்கு. பிறகு எட்டையும் பதினெட்டையும் கூட்டி √26, ஆகவே ஐந்து சங்கிலியும் கொஞ்சமும் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விருந்தாளிகள் முன்னால் சிரித்தது பிழைதான். ஆனால் அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கணக்கைப் பற்றி உனக்கென்ன தெரியும்? குசினிக்குள்ள போ!" சரவணமுத்து அண்ணர் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்த உங்கள் மனைவியை, அவள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அப்படிச் சொன்னீர்கள்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். √9 எவ்வளவு? மூன்று. √16 எவ்வளவு? நான்கு. கூட்டினால் ஏழு. இப்போது உங்கள் வழியில் ஒன்பதையும் பதினாறையும் முதலில் கூட்டி மூலம் எடுங்கள். √25, ஐந்து. ஏழு எப்படி ஐந்தாகும்?

ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. பிழை போனால் குழாய் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.

கமலாம்பிகை


ரெங்கம்
5-3-1933

கமலாம்பிகைக்கு,

கடிதம் கிடைத்தது. மேல்விலாசத்தில் "பெரிய கிராணியார்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தபால்காரன் பல்லைக் காட்டினான். உனக்குத் திருப்திதானே?

உன் ஒன்பதும் பதினாறும் பார்த்தேன். அவை நல்ல குடும்பத்து எண்கள். மூலம் கேட்டால் மரியாதையாக மூன்று, நான்கு என்று முழுதாகக் கொடுத்துவிடும். என் எட்டும் பதினெட்டும் அப்படியா? எவ்வளவு தட்டினாலும் முழு எண் விழாது. மூலம் இல்லாத எண்களுக்கு வேறு சட்டம் இருக்கும். இல்லாவிட்டால் நீயே சொல்: இரண்டு சங்கிலிப் பக்கத்தை இரண்டு தரம் வர்க்கமாக்கி, நான்கையும் நான்கையும் மூலத்துக்குள்ளே கூட்டித்தானே √8 வந்தது? அங்கே உள்ளே கூட்டினால் சரி, இங்கே உள்ளே கூட்டினால் மட்டும் பிழையா? பெண்களுக்கு ஒரு நியாயம், கிராணிக்கு ஒரு நியாயமா?

இதற்கு மேல் உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. ரப்பர் விலை விழுந்து கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கிராணிமாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியில் கம்பெனியின் பெரிய துரை வருகிறார். அவர் வரும்போது லயத்தில் தண்ணீர் ஓட வேண்டும். நம் துரை ஓர் அடி குழாய்கூட அதிகம் வாங்க விடமாட்டார். கணக்குச் சொன்னவன் நான். குழாய்க்கான ஓர்டர் கடுதாசி நாளைக்குச் சிங்கப்பூர் போகிறது.

நேற்றுக் காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது லயத்து வெள்ளையம்மா கேட்டாள்: "கிராணியையா, இன்னும் எத்தனை நாளைக்குங்க தண்ணிக்குச் சுங்கை ஆத்துக்கு நடக்கிறது? அந்தக் கலங்கல குடிச்சுத்தான் எம் பேத்திக்கு வயித்தால போவுது." இந்த மாதம் முடியுமுன் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

சோறு குழைகிறது. இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கந்தப்பு


ஜொகூர் பாரு
7-3-1933

அத்தானுக்கு,

உங்கள் கேள்வி நல்ல கேள்வி! கோபத்திலும் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது, என்ன செய்ய. உள்ளே கூட்டுவது எப்போது சரி தெரியுமா? பாதை திரும்பும்போது. கிழக்கே இரண்டு சங்கிலி போய், செங்குத்தாகத் திரும்பி வடக்கே இரண்டு சங்கிலி போனால், அதற்குக் குறுக்கு வழி √8. உங்கள் குழாய் எங்கே திரும்புகிறது? ஒரு சதுரத்தின் குறுக்கு முடிந்த இடத்தில் அடுத்ததன் குறுக்கு தொடங்கி, ஒரே நேராக அல்லவா போகிறது? நேராகப் போவதை நேராகத்தான் கூட்ட வேண்டும்.

மூலம் இல்லாத எண் என்றீர்கள். பாவம், அவற்றையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எட்டு என்பது 2×2×2. மூலத்துக்கு ஒரே ஒரு வழக்கம்: உள்ளே இருப்பவர்களில் சோடி சேர்ந்தவர்கள் ஒருவராக வெளியே வரலாம், ஒற்றையாய் நிற்பவர் உள்ளேயே கிடக்க வேண்டும். இரண்டு இரண்டுகள் சோடி. அவை ஓர் இரண்டாக வெளியே வந்துவிடும். மிஞ்சிய இரண்டு தனியாக உள்ளே, இப்போது நீங்கள் அந்த வீட்டில் கிடப்பதுபோல. ஆகவே √8 என்பது 2√2.

பதினெட்டு 3×3×2. மூன்றுகள் சோடி, ஒரு மூன்று வெளியே. இரண்டு மறுபடியும் உள்ளே. √18 என்பது 3√2.

இப்போது பாருங்கள் அத்தான்! வெளியில் ஆள் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே அதே √2. இரண்டு √2-உம் மூன்று √2-உம் சேர்ந்தால் ஐந்து √2! இரண்டு மாம்பழமும் மூன்று மாம்பழமும் ஐந்து மாம்பழம் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் வேண்டுமா?

நம்பாவிட்டால் தாளை வெட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று, மூன்று அங்குலச் சதுரம் ஒன்று. மூலையோடு மூலை தொடவைத்து, இரண்டையும் சுற்றி ஒரு பெரிய சதுரம் வரையுங்கள். அதன் பக்கம் ஐந்து. அதன் குறுக்கு √50. ஐம்பதைப் பிரித்தால் 5×5×2, வெளியே 5, உள்ளே 2. நான் சொன்ன அதே 5√2. நீங்கள் வரைந்த தோட்டப் படத்திலேயே இது கிடக்கிறது. இத்தனை நாளும் உங்கள் மேசையில் விரித்து வைத்திருந்தீர்கள்.

கடுதாசி போய்விட்டதா? போயிருந்தால் உடனே துரையிடம் போங்கள். லயத்துப் பிள்ளைகள் பாவம்.

கமலாம்பிகை


ரெங்கம்
11-3-1933

என் கமலத்துக்கு,

வெட்டினேன்! சம்பளப் பட்டியலின் பின்பக்கத்தில் வெட்டினேன். வைத்தேன். பார்த்தேன். கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஐயாசாமிக் கங்காணி எட்டிப் பார்த்து, "என்னங்கையா, பாம்பா?" என்றான்.

கமலம், நீ சொன்னது முழுக்க முழுக்கச் சரி. நேற்று முழுவதும் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டையும் இருபத்தேழையும் எடுத்துக்கொள்: √12 என்பது 2√3, √27 என்பது 3√3. கூட்டினால் 5√3! நாற்பத்தைந்தில் ஐந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. எழுபத்திரண்டைத் தட்டினால் ஆறு துள்ளிக்கொண்டு வெளியே வருகிறது, உள்ளே நம் இரண்டு. முப்பது மட்டும் கல்லுளிமங்கன், ஒரு சோடியும் கிடையாது, ஒன்றும் வெளியே வராது. √2-ஐயும் √3-ஐயும் கூட்ட ஏதாவது வழி இருக்கிறதா? நான் அரை நாள் பார்த்தேன். அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்டாதுதானே? பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் எண்ணோடு கிடந்தேன், இதை ஒருவரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை.

ஆனால் கடுதாசி ஆறாம் தேதியே போய்விட்டது. முந்நூற்று முப்பத்தாறு அடிக்குத்தான் ஓர்டர். துரையிடம் போய், கணக்கில் ஒரு சிறு தவறு வந்துவிட்டது, மேலும் கொஞ்சம் குழாய் வேண்டும் என்றேன். முகம் சிவந்தார். "இதுவே கடைசி, கிராணி" என்றார். இரண்டாம் முறையும் பிழை போனால் என் வேலை போய்விடும். அது நிச்சயம்.

ஆகவே, மொத்தம் எத்தனை அடி என்று நீயே சொல்லிவிடு. வரும் புதன்கிழமை இரண்டாம் ஓர்டர் போகும்.

பிழை என்னுடையது என்று உனக்கு எழுதிவிட்டேன். இது நமக்குள் இருக்கட்டும். சரவணமுத்துவுக்கும் மற்றவர்களுக்கும் எதற்கு? நீ அடுத்த ரயிலில் வந்துவிடு.

உன்
கந்தப்பு


ஜொகூர் பாரு
13-3-1933

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை மூன்று முறை படித்தேன். முப்பதைக் கல்லுளிமங்கன் என்றதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒட்டாது, √2-உம் √3-உம் ஒருநாளும் ஒட்டாது. நீங்களாகவே கண்டுபிடித்தீர்கள், எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நமக்குள் இருக்கட்டுமா? கத்தும்போது நாலு பேர் இருந்தார்கள். ஒப்புக்கொள்ளும்போது மட்டும் உறை ஒட்டித் தபால் தலை வைக்க வேண்டுமா? துரையிடம் "சிறு தவறு வந்துவிட்டது" என்றீர்களாம். யார் கொண்டுவந்தது? காற்றா? திருத்தியது யார்? அதையும் காற்றுதான் செய்ததா? எனக்குப் புகழ் வேண்டாம் அத்தான். கணக்கு எனக்குத் தெரியும் என்று, தெரியாது என்று சொன்ன இடத்தில் சொல்ல வேண்டும். அதுவரை நான் ரயில் ஏறமாட்டேன். நான் இல்லாத வீடு உங்களுக்கு எப்படி இருக்கிறதோ, நீங்கள் இல்லாத வீடு எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் ஏறமாட்டேன்.

கேட்ட கணக்கு: √2 ஒன்று புள்ளி நான்கு. ஐந்து மடங்கு ஏழு. ஏழு சங்கிலி, அதாவது நானூற்று அறுபத்திரண்டு அடி. முந்நூற்று முப்பத்தாறு போக இன்னும் நூற்று இருபத்தாறு அடி எழுதுங்கள்.

கமலாம்பிகை


ஜொகூர் பாரு
16-3-1933

அத்தான்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். வந்ததா? ஸ்டேஷனில் கொடுத்தார்களா? ஐயோ, நான் என்ன வேலை செய்துவிட்டேன்!

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒன்று புள்ளி நான்கை அதே ஒன்று புள்ளி நான்கால் பெருக்கினால் என்ன என்று சும்மா மனதில் ஓட்டினேன். ஒன்று புள்ளி ஒன்பது ஆறு. இரண்டு வரவில்லை! கொஞ்சம் குறைகிறது! அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பள்ளிக்கூடக் கணக்குக் கொப்பியை எடுத்தேன். √2 ஒன்று புள்ளி நான்கு அல்ல. ஒன்று புள்ளி நான்கு ஒன்று நான்கு இரண்டு என்று ஓடிக்கொண்டே இருக்கும், ஓரிடத்திலும் முடியாது. நான் முதல் தசமத்திலேயே அதன் வாலை நறுக்கிவிட்டேன். சின்ன வால்தான், ஆனால் ஐந்தால் பெருக்கி, அறுபத்தாறாலும் பெருக்கினால் வளர்ந்துவிடுகிறது. நானூற்று அறுபத்தாறு அடி எட்டங்குலம் வேண்டும். நான் எழுதியது நானூற்று அறுபத்திரண்டு. நாலடி எட்டங்குலம் குறையும்.

கடைசிவரை 5√2 என்றே வைத்திருந்து, கடைசியில் மட்டும் அடியாக்கியிருக்க வேண்டும். அதைத்தான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். கோபத்தில் அவசரப்பட்டேன். உங்களைத் திட்டி முடிக்கும் அவசரத்தில் உங்கள் வேலைக்கே உலை வைத்துவிட்டேன்.

நேற்றுப் புதன்கிழமை. ஓர்டர் போயிருக்கும். துரையிடம் என் பெயரைச் சொல்லுங்கள். நான் சொன்ன கணக்கு என்று சொல்லுங்கள். ஒரு வரி எழுதுங்கள்.

கமலம்


ரெங்கம்
31-3-1933

என் கமலத்துக்கு,

ஒரு வரி கேட்டாய், இரண்டு வாரம் ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டேன். முடிவு தெரியாமல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள். இப்போது கேள்!

தந்தி பதினாறாம் தேதியே வந்தது. சாயங்காலம் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் பியூன் கொண்டுவந்தான். ஓர்டர் முந்தின நாளே போய்விட்டது. துரை பக்கத்தில் நின்றார். "என்ன, யாருக்கும் சுகமில்லையா?" என்று கேட்டார். சரவணமுத்துவும் அங்கேதான், மருந்துப் பெட்டியோடு. ஐயாசாமிக் கங்காணி, வெள்ளையம்மா, முழுத் தோட்டமும் நின்றது. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் இனி வாய்க்காது என்று நினைத்தேன். சத்தமாகச் சொன்னேன், முதலில் துரைக்கு ஆங்கிலத்தில், பிறகு எல்லாருக்கும் தமிழில்:

"முதல்ல போட்ட கணக்கு நான் போட்டது. அது பிழை. அதைப் பிழை எண்டு சொன்னது என்ர மனிசி. அவவுக்குக் கணக்குத் தெரியாதெண்டு நாலு பேருக்கு முன்னால கத்தினனான். அவவுக்குத்தான் தெரியும், எனக்குத்தான் தெரியாது. இப்ப தந்தி அடிச்சிருக்கிறா, வாற குழாய் நாலடி எட்டங்குலம் கட்டையாய் இருக்குமெண்டு."

துரை தந்தியை வாங்கிப் படித்தார். "அவ்வளவு துல்லியமாகவா?" என்றார். பிறகு, இனி ஓர் அங்குலமும் வாங்க முடியாது, அந்த நாலடி எட்டங்குலத்தை என்ன செய்வது என்பது கிராணி பாடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரவணமுத்து வந்து என் தோளில் கை வைத்து, "இதைச் சொல்ல உமக்கு இவ்வளவு நாள் எடுத்ததே, மச்சான்!" என்றான்.

நாற்றுப் பிடுங்கி முடிந்தது. இருபத்தெட்டாம் தேதி குழாய் பதித்தோம். ஒவ்வொரு குழாயாகப் பூட்டப் பூட்ட நான் கூடவே நடந்தேன். ஒரு பக்கம், நீ சொன்னது பிழை போய், குழாய் போய்த் தொட்டுவிடாதா என்று ஆசை, வேலை தப்புமே. மறுபக்கம், அப்படித் தொட்டுவிட்டால் நீ தோற்றுவிடுவாயே என்று பயம். கடைசிக் குழாயைப் பூட்டினார்கள். லயத்து மூலையில் தண்ணீர்த் திண்ணைக்காக அடித்திருந்த கட்டைக்கும் குழாய் வாய்க்கும் நடுவே வெறும் நிலம் கிடந்தது.

நான் அடிக்கோலை எடுத்து மண்டியிட்டேன். முழங்கால் சேற்றில் புதைந்தது. அளந்தேன். கமலம், நாலடி ஒன்பது அங்குலம்!

"என்னங்கையா, அம்மா எட்டுன்னுல்ல சொன்னாங்க?" என்றான் ஐயாசாமி. அந்த ஓர் அங்குலம் பூட்டு இறுகியதில் போயிருக்கும், இல்லையென்றால் சேற்றில் என் கோல் சரிந்திருக்கும். நாற்பது மைலுக்கு அப்பால் அரிசி களைந்துகொண்டிருந்த ஒருத்தி, இந்த நிலத்தைக் கண்ணாலும் பாராமல் சொன்ன இடைவெளி என் முழங்காலுக்கு முன்னால் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேறு துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு ஐயாசாமி முன்பே ஆயத்தமாக வந்திருந்தான். தந்தியைக் கேட்ட அன்றே பெரிய மூங்கில் ஒன்றை வெட்டி, கணுவைக் குடைந்து, ஆறடியில் வைத்திருந்தான். "அம்மா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றான். நான் நம்பத் தயங்கியதை அவன் நம்பி வெட்டியிருக்கிறான்! செருகினோம். கயிறு சுற்றிக் கட்டினோம். தொட்டியைத் திறந்தோம். முதலில் காற்று, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். வெள்ளையம்மா குடத்தை வைக்க மறந்து, பேத்தியைத் தூக்கி அதன் அடியில் பிடித்தாள். பிள்ளை கத்தியது. லயமே சிரித்தது.

நேற்றுப் பெரிய துரை வந்தார். மூங்கிலைப் பார்த்துக் கேட்டார், நம் துரை சொன்னார். பெரிய துரை ஐந்தடிக் குழாய்க்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த முறை கணக்கை அந்த அம்மாவிடம் காட்டிவிட்டு அனுப்பச் சொன்னார். என் வேலைக்கு ஆபத்து இல்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். ஒன்று புள்ளி நான்கு என்று சுருக்கியது யார் என்று துரை கேட்டார். நான்தான் என்றேன். என் மனைவி சரியாக 5√2 என்று எழுதினாள், அவசரத்தில் நான் நறுக்கிவிட்டேன் என்றேன். எல்லாரும் நம்பிவிட்டார்கள். உன் கணக்கு ஒருநாளும் பிழை போகாது என்று லயம் முழுக்கப் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு நான் செய்ததற்கு ஈடாக இதையாவது செய்தேன் என்று எனக்கு ஓர் ஆறுதல்.

வா, கமலம். வீடு வீடாக இல்லை.

உன்
கந்தப்பு


ஜொகூர் பாரு
3-4-1933

என் அத்தானுக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டத் தொடங்கி, பிரட்டுக் களம் வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை ஐயா வாங்கிப் படித்தார். நீங்கள் அழுததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். எனக்கு உங்கள்மேல் இப்போது ஒரு கோபமும் இல்லை. அன்பு இருக்கிறது, அது முன்னமும் இருந்தது. இப்போது பெருமையும் இருக்கிறது. அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் வருகிறேன். ஐயாசாமிக்கு அம்மா பலகாரம் கட்டித் தருகிறாள்.

ஆனால் கடைசிப் பக்கத்தை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். பிழையே விடாதவள் என்ற பெயரை வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் நான் எப்படி நடமாடுவேன்? நாளைக்கு ஒரு கூட்டல் பிசகினால் ஒளிக்க இடம் தேட வேண்டும். உங்கள் பிழையை நீங்கள் நிமிர்ந்து நின்று சொன்னீர்கள். அதே களத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், திங்கட்கிழமை காலை நானும் நின்று சொல்லப்போகிறேன். துரைக்கு நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்.

ஒன்று புள்ளி நான்கு என்று எழுதியது நான். அந்தப் பிழை என்னுடையது, அத்தான். அதை எனக்கே திருப்பித் தந்துவிடுங்கள்.

உங்கள்
கமலம்